லயத்து வீட்டை ஒப்படைச்சாத்தான் சர்வீஸ் காசுன்னு சொல்றாங்க. அம்மா அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறாங்க

கம்பத்து மருமக எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

எங்க அம்மா கேரளாவுல வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுல கொழுந்து எடுக்குறாங்க. நிரந்தரமாகி 31 வருஷம். அதுக்கு முந்தி ஆறு வருஷம் டெம்பரரி. மே 31ஓட சர்வீஸ் முடியுது. அப்பா தவறிட்டாரு. எஸ்டேட் குடுத்த லயத்துல, அதான் வரிசை வீட்டுல, இப்ப அம்மா, 84 வயசுப் பாட்டி, என் தம்பி, மூணு பேர். தம்பி அதே எஸ்டேட்டுல மருந்தடிக்கப் போறான், ஆனா இன்னும் கேஷுவல்தான். நான் கல்யாணமாகி கம்பத்துக்கு வந்து ஒம்பது வருஷம் ஆச்சு.

எட்டு வீட்டு லயம், எங்களது அஞ்சாவது. முன்னாடி ஒரு முறி (ரூம்), பின்னாடி அடுக்களை, அவ்வளவுதான். நானும் தம்பியும் பொறந்து வளர்ந்தது அதுக்குள்ளதான். போன வாரம் ஆபீஸ்ல அம்மாவைக் கூப்பிட்டு, "ஜூன் முதல் வாரத்துல சாவியக் குடுத்துரு, குடுத்தப்புறம்தான் சர்வீஸ் காசு பாஸாகும்"னு சொல்லியிருக்காங்க. எழுத்துல ஒண்ணும் தரலை, வாயாலதான். அம்மா அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லையாம். பாட்டிதான் போன்ல சொல்லிச்சு.

இன்னொன்னு, வீடு இருக்குற நிலைமையும் சரியில்ல. அடுக்களைத் தகரத்துல மூணு இடத்துல ஓட்டை, தார்ப்பாய் போட்டு கல்லு வச்சிருக்கு. பின்சுவத்துல மேலருந்து ஜன்னல் வரைக்கும் வெடிப்பு. சூப்பர்வைசர்கிட்ட ரெண்டு வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்கோம். "போற வீட்டுக்கு எதுக்கு ரிப்பேர்"ங்கிறாங்க. ஜூன் பொறந்தா மழை அடிச்சு ஊத்தும்.

நான் கேக்குறது இதுதான். சாவியக் குடுக்காம காசு வாங்க முடியுமா? வீட்டைத் தம்பி பேருக்கு மாத்திக் கேக்கலாமா? இப்ப ரிப்பேர் கேட்டா காசுல கை வப்பாங்களா? கேரள சர்க்காரோட லைஃப் வீட்டுத் திட்டத்துக்கு அம்மா பேர்ல எழுதிக் குடுக்கணும்னா ரேஷன் கார்டுல என் பேர் இன்னும் அங்கேயே இருக்குறது தடையாகுமா? எனக்கு இங்க கம்பத்துலயும் வீட்டுக்காரர் கார்டுல பேர் சேத்திருக்கு.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. அம்மாவுக்குப் படிப்பு இல்ல, கையெழுத்து மட்டும் போடுவாங்க.


கூடலூர்க்காரன் (தேனி) பதில்:

தங்கச்சி, சாவிய மட்டும் முன்னாடி குடுத்துராதீங்க. எங்க அப்பா குடுத்துட்டாரு. "ஒரு மாசத்துல வந்துரும்"னு சொன்ன காசு வர்றதுக்கு 14 மாசம் ஆச்சு. கூடலூர்ல 3,500 ரூபா வாடகைக்கு வீடு புடிச்சு, கட்டிலைக்கூட போடாம உக்காந்திருந்தோம். அப்பா தெனம் காலைல குமுளி பஸ்ஸப் பாத்துட்டே நிப்பாரு. எந்த எஸ்டேட்டுன்னு இங்க எழுத வேண்டாம்னு நினைக்கிறேன். கையில ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாம சாவியக் குடுத்தோம், அதான் எங்களுக்கு வந்த வினை. மூணாறு அக்கா இதைப் பாத்தா விளக்கமாச் சொல்வாங்க.


மூணாறு அக்கா பதில்:

மகளே, பாத்துட்டேன். நான் 33 வருஷம் கொழுந்து எடுத்தவ. எட்டு வருஷம் யூனியன் கமிட்டில இருந்தேன், 2015 செப்டம்பர்ல தேயிலைத் தோட்டப் பொம்பளைங்க நடத்தின பெம்பிளை ஒருமை போராட்டத்துல மூணாறு ரோட்டுல உக்காந்தவ. ரிட்டயராகி நாலு வருஷம் ஆச்சு. மகன் நிரந்தரத்துல இருக்கறதால வீடு அவன் பேருக்கு மாறி, லயத்துலயேதான் இருக்கேன். எங்க லைன்ல ஆறு பேருக்கு இந்தக் காசுக்காக அபேட்சை, அதான் மனு, எழுதிக் குடுத்திருக்கேன். அந்த அனுபவத்துல சொல்றேன்.

முதல்ல ஒண்ண மனசுல வச்சுக்கோ. சர்வீஸ் காசுங்கறது, அதான் கிராஜுவிட்டி, உங்கம்மா வேலை செஞ்சதுக்கான கூலி பாக்கி. வீடு வேற கணக்கு. ரெண்டையும் ஒண்ணாக் கட்டிப் பேசுறது அவங்க பழக்கம். நீ பேசும்போதும் எழுதும்போதும் ரெண்டையும் பிரிச்சே வை. ரெண்டு தனி அபேட்சை, ரெண்டு தனித் தாள். ஒரே தாள்ல எழுதினா, "வீட்டு விஷயம் தீரட்டும்"னு காசு தாளும் அதே ஃபைல்ல தூங்கிரும்.

காசு கணக்கு இப்படி. நாள் கூலிக்காரங்களுக்கு ஒரு வருஷ சர்வீசுக்கு 15 நாள் கூலி. உதாரணத்துக்கு நாள் கூலி 450ன்னு வச்சுக்கோ. 450ஐ 15ஆல பெருக்கினா 6,750. அதை 31 வருஷத்தால பெருக்கினா 2,09,250. உங்கம்மாவோட கடைசிச் சம்பளச் சீட்டுல உள்ள கூலியப் போட்டு நீயே கணக்குப் பாரு. கடைசி வருஷத்துல ஆறு மாசத்துக்கு மேல வேலை செஞ்சிருந்தா அதுவும் முழு வருஷமா வரும். வேலை முடிஞ்சு 30 நாளுக்குள்ள குடுக்கணும், தாண்டினா வட்டியோட குடுக்கணும். 1972ல வந்த கிராஜுவிட்டிச் சட்டம் இப்ப சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள்ள போயிருச்சு, 2025 நவம்பர் 21ல இருந்து நடப்புல இருக்கு. ஆனா இந்த 15 நாள் கணக்கும் 30 நாள் கெடுவும் மாறலை. "சட்டம் மாறிருச்சு, புதுசா பாக்கணும்"னு யாராவது இழுத்தா நம்பாத.

நீ எழுதினதுல எனக்குப் பட்ட இன்னொரு விஷயம், அந்த ஆறு வருஷ டெம்பரரி. அதை விட்டுராத. வருஷத்துக்கு 240 நாள் வேலை செஞ்சிருந்தா அந்த வருஷமும் சர்வீஸ்தான், நிரந்தரமா இல்லையாங்கறது கணக்கில்ல. செக்ரோல்ல, அதான் எஸ்டேட் வருகைப் பதிவுல, பேர் விழுந்திருக்கும், பிஎஃப் பிடிச்சிருந்தா அதுலயும் தெரியும். ஆறு வருஷம்னா என் உதாரணக் கணக்குல 40,500 ரூபா. அம்மாகிட்ட பழைய சம்பளச் சீட்டு எதாச்சும் இருக்கான்னு தகரப்பொட்டியத் தொறந்து பாக்கச் சொல்லு. எங்க மாமியா அரிசிப் பானைக்கு அடியில வச்சிருந்த சீட்டுல ஒரு கிழவிக்கு நாலு வருஷம் சேந்துச்சு. மஞ்சளாப் போயி, மடிப்புல கிழிஞ்சு, கம்பெனி சீல் மட்டும் ஊதா கலர்ல அப்படியே இருந்துச்சு. அது போதுமாயிருந்துச்சு.

பிஎஃப் பத்தி. இப்பவே, மே மாசத்துக்கு முன்னாடியே, அக்ஷயாவுல, அதான் கேரள இ-சேவை மையத்துல, போயி ஆதார்ல உள்ள பேரும் பிஎஃப்ல உள்ள பேரும் ஒண்ணா இருக்கான்னு பாரு. நம்ம ஆளுங்களுக்கு இதுலதான் பாதி தொல்லை. நம்ம பேர மலையாளத்துல ஒருத்தர் எழுதி, அதைப் பாத்து இன்னொருத்தர் இங்கிலீசுல எழுதி, பழனியம்மாள் பளனியம்மா ஆயிருப்பா, பொறந்த தேதி ஜனவரி ஒண்ணு ஆயிருக்கும். சர்வீஸ்ல இருக்கும்போது திருத்தினா ஆபீஸே ஒப்புதல் குடுக்கும். வெளிய வந்தப்புறம்னா நாயா அலையணும். 10 வருஷ சர்வீஸ் இருந்தா 58 வயசுல பென்ஷனும் உண்டு, குறைஞ்சது மாசம் 1,000. அதுக்கும் அதே பேர்தான் சரியா இருக்கணும்.

இப்ப வீட்டுக்கு வரேன்.

தம்பி பேருக்குக் கேக்கலாம், கேக்கணும். ஆனா எஸ்டேட் வீடு வேலையோட ஒட்டினது. நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் அவங்க முதல்ல குடுப்பாங்க. அதனால "வீட்ட மாத்திக் குடுங்க"ன்னு மட்டும் எழுதாம, "மகனை நிரந்தரப்படுத்தி, அம்மா இருந்த வீட்டை அவன் பேர்ல பதிஞ்சு குடுங்க"ன்னு எழுதணும். அவன் எத்தனை வருஷமாப் போறான், வருஷத்துக்கு எத்தனை நாள் பேர் விழுந்திருக்குன்னு சேத்து எழுது. பக்கத்துல காலி வீடு எத்தனை கிடக்குன்னும் எழுது. இப்ப எந்த லைன்லயும் நாலு வீடாவது பூட்டித்தான் கிடக்கு, ஆளே இல்ல. எங்க டிவிஷன்ல ரெண்டு பேருக்கு இப்படிக் கிடைச்சுச்சு, ஒருத்தனுக்குக் கிடைக்கல. கிடைக்காதவனுக்கும், பிள்ளைங்க பரீட்சை முடியுற வரைக்கும்னு அஞ்சு மாசம் தவணை கிடைச்சுச்சு. எழுத்துல கேட்டதாலதான் எழுத்துல குடுத்தாங்க.

உங்களுக்கு 84 வயசுப் பாட்டி இருக்காங்க. மழைக்காலம். இந்த ரெண்டையும் சொல்லி, மழை விடுற வரைக்கும், நவம்பர் வரைக்கும்னே தேதி போட்டு தவணை கேளுங்க. அதுவரைக்கும் சட்ட வழி இல்லாம பூட்ட உடைச்சு சாமானத் தூக்கி வெளிய வைக்க ஒருத்தருக்கும் அதிகாரம் கிடையாது. கரண்ட வெட்டுறேன், தண்ணிய நிறுத்துறேன்னு மிரட்டினா அன்னைக்கே லேபர் டிபார்ட்மெண்ட்டோட பிளான்டேஷன் இன்ஸ்பெக்டருக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் எழுதிக் குடுக்கணும்.

ரிப்பேர் கேட்டா காசுல கை வப்பாங்களான்னு கேட்டிருக்க. அந்தப் பயம் எனக்குத் தெரியும். நானும் அப்படிப் பயந்து வாயமூடி இருந்தவதான். 2018 ஆகஸ்ட் மழையில எங்க அடுக்களைப் பின்சுவர் விழுந்துச்சு. பகல்ல விழுந்துச்சு, எல்லாரும் வேலைக்குப் போயிருந்தோம், அதனால உயிர் தப்பிச்சோம். அடுப்பு மேல மண்ணு. உலையில வச்சிருந்த கஞ்சிப் பானை நசுங்கிப் போயிருந்துச்சு. கேட்டதுக்கு, "மழையில விழுந்தது, கம்பெனி என்ன செய்யும்"னுட்டாங்க. மூணு வருஷமா வாயாலதான் சொல்லியிருந்தேன், தாள்ல ஒரு வரி இல்ல. திருப்பிப் பேச என்கிட்ட ஒண்ணும் இல்ல.

அப்புறம்தான் சட்டத்துல என்ன இருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துல, தொழிலாளிக்கு வீடு குடுக்குறதும் அதைப் பராமரிக்கிறதும் முதலாளி கடமைன்னு இருக்கு. அந்த வீடு இடிஞ்சு யாருக்காவது உயிரோ கையோ காலோ போனா நஷ்ட ஈடும் குடுக்கணும். ரெண்டே ரெண்டு விலக்குதான். குடியிருக்கறவங்க தப்பாலேயே இடிஞ்சிருந்தாலோ, முழுக்க இயற்கைச் சேதத்தாலேயே இடிஞ்சிருந்தாலோ பொறுப்பு இல்ல. இந்தச் சட்டமும் இப்ப புதுத் தொகுப்புச் சட்டங்களுக்குள்ள போயிருச்சு, ஆனா வீட்டுக் கடமையும் இந்த நஷ்ட ஈடும் அதுலயும் இருக்கு. அந்த ரெண்டு விலக்கையும் யோசிச்சுப் பாரு. மழைக்கு முன்னாடியே "சுவர் வெடிச்சிருக்கு, பாத்துத் தாங்க"ன்னு சீல் போட்ட தாள் இருந்தா, "மழைதான் காரணம்"னு அவங்க சொல்லித் தப்பிக்கிறது கஷ்டம். அதே மாதிரி, ஆபீஸைக் கேக்காம அடுக்களையப் பெருசாக்குறேன்னு சுவத்துல கை வச்சா, குடியிருந்தவன் தப்புன்னு ஆயிரும். தம்பிகிட்ட சொல்லு, சிமெண்ட் பூசி மறைக்கவும் வேண்டாம்.

அந்த வெடிப்ப இப்படிப் பாருங்க. வெடிப்பு முடியுற இடத்துல, நுனியில, பென்சிலால குறுக்க ஒரு கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதுங்க. அகலமா இருக்குற இடத்துல ஒரு தாள் துண்டை பசை போட்டு ரெண்டு பக்கமும் புடிக்கிற மாதிரி ஒட்டுங்க. பத்து நாள்ல தாள் கிழிஞ்சா, இல்ல கோட்டத் தாண்டி வெடிப்பு ஓடியிருந்தா, சுவர் அசையுதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் பாட்டியையும் அம்மாவையும் அந்தச் சுவத்துப் பக்கம் படுக்க விடாதீங்க. முதல் நாளும் பத்தாம் நாளும் போட்டோ எடுத்து, அதை அபேட்சையோட சேத்துக் குடுங்க. நான் இப்ப எங்க வீட்டுச் சுவத்துல அப்படித்தான் வச்சிருக்கேன். ஏழு தேதி எழுதியிருக்கு. அஞ்சாவது தேதி எழுதின போட்டோவக் காட்டினப்பதான் மேஸ்திரிய அனுப்பினாங்க.

பின்னாடி மேடு இருந்தா அதையும் பாக்கச் சொல்லு. மேட்டுல புதுசா நிலம் பிளந்திருக்கா, மரம் சாஞ்சிருக்கா, ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்கி சேறா வருதா, நேத்து சாத்தின கதவு இன்னைக்கு சாத்த முடியாம இறுகுதான்னு. இதுல ஒண்ணு கண்டாலும் ராத்திரின்னு பாக்காம எறங்கிரணும். 1077 மாவட்ட கன்ட்ரோல் ரூம், போன்ல எழுதி வச்சுக்கோங்க. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில நிலச்சரிவுல 70 பேரு மண்ணுக்குள்ள போனாங்க. எல்லாம் நம்ம மாதிரி லயத்துல தூங்கிக்கிட்டு இருந்தவங்க, நிறைய பேருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். எங்க லைன்ல மட்டும் நாலு வீட்டுல அன்னைக்கு இழவு. அதனாலதான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்றேன்.

எந்த அபேட்சையா இருந்தாலும் ரெண்டு காப்பி. ஒண்ணு அவங்களுக்கு. இன்னொண்ணுல வாங்கினவங்க ஒப்பும், அதான் கையெழுத்தும், சீலும் தேதியும். ஒப்புப் போட மாட்டேன்னா சண்டை போடாத, நேரா போஸ்ட் ஆபீஸ் போயி ஸ்பீட் போஸ்ட்ல ரிஜிஸ்தர் பண்ணி அனுப்பிரு, ரசீதை அபேட்சைக் காப்பியில குத்தி வை.

இன்னும் சாவி விஷயம் பாக்கி இருக்கு, நாளைக்கு எழுதுறேன். கரண்ட் போகுது.


சட்ட உதவி வாலண்டியர் (பீர்மேடு) பதில்:

மூணாறு அக்கா சொன்னது எல்லாம் சரி. ரெண்டு மூணு சேத்துச் சொல்றேன்.

காசையும் வீட்டையும் பிரிச்சுக் கேளுங்கன்னு அக்கா சொன்னதை அப்படியே செய்யுங்க. ஆனா அதுக்காக வருஷக்கணக்குல வீட்டை விடாம இருந்துறலாம்னு நினைக்க வேண்டாம். 2020ல உச்ச நீதிமன்றத்துல வந்த ஒரு வழக்குல, ரிட்டயரான பிறகும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணாதவங்ககிட்ட அபராத வாடகைய கிராஜுவிட்டில பிடிச்சுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. அது தோட்ட வழக்கு இல்ல, வேற மாதிரியும் தீர்ப்புகள் இருக்கு. இருந்தாலும் அதைக் காட்டிப் பேசுவாங்க. அதனால தவணை கேட்ட தாளும், அவங்க சம்மதிச்ச தாளும் ரொம்ப முக்கியம். அனுமதியோட இருந்தா அபராதம்ங்கற பேச்சுக்கு இடமில்ல.

30 நாள் தாண்டியும் காசு வரலைன்னா லேபர் டிபார்ட்மெண்ட்ல கிராஜுவிட்டிக்குன்னு ஒரு அதிகாரி உண்டு, அவர்கிட்ட மனு போடலாம். வக்கீல் இல்லாமலும் போடலாம். வேணும்னா தாலுக்கு லீகல் சர்வீசஸ் கமிட்டில இலவசமா வக்கீல் குடுப்பாங்க. 1987 சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசம். அம்மா ஒரு பெண், அது ஒண்ணே போதும்.

இன்னொன்னு நிறைய பேருக்குத் தெரியாது. தமிழ்லேயே மனு எழுதுங்க. 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டத்துல, தமிழ்ச் சிறுபான்மை மக்கள் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதின்னு அறிவிச்ச இடங்கள்ல உள்ள சர்க்கார் ஆபீஸ்களுக்கும் தமிழ்ல எழுதலாம், பதிலும் தமிழ்ல வரணும்னு இருக்கு. பீர்மேடும் தேவிகுளமும் அதுல வரும். எஸ்டேட் ஆபீசுக்கு இது பொருந்தாது, அது கம்பெனி. ஆனா லேபர் ஆபீசுக்கும் தாலுக்குக்கும் பொருந்தும். "மலையாளத்துல எழுதிட்டு வா"ன்னு திருப்பி அனுப்பினா இந்தச் சட்டத்தைச் சொல்லுங்க. நான் போன மாசம்கூட ஒரு அம்மாவுக்கு பென்சிலால எழுதின தமிழ் மனுவையே பேனாவால திருப்பி எழுதச் சொல்லிக் குடுக்க வச்சேன், எடுத்துக்கிட்டாங்க. படிக்கத் தெரியாதவங்களுக்குத் தன் மொழியில வாசிச்சுக் காட்டினாத்தான் எதுல ஒப்புப் போடுறோம்னு தெரியும். உங்கம்மாகிட்ட ஆபீஸ்ல நீட்டுற எந்தத் தாளையும், முக்கியமா "எல்லாக் கணக்கும் தீர்ந்தது"ன்னு இருக்குற தாளை, வாசிச்சுக் காட்டாம கையெழுத்துப் போட வேண்டாம்னு இன்னைக்கே போன்ல சொல்லிருங்க.


அடிமாலி பிளாட் பதில்:

லைஃப் பத்தி நான் சொல்றேன். நாங்களும் எஸ்டேட்ல இருந்து வந்தவங்கதான், இப்ப லைஃப் பிளாட்டுல மூணாவது மாடி.

லைஃப்ல குடும்பம்னா ரேஷன் கார்டுதான் கணக்கு. கார்டுல உள்ள யார் பேர்லயாவது வேற எங்கயாவது நிலமோ வீடோ இருந்தா கேள்வி வரும். உங்க பேர் ரெண்டு கார்டுலயும் இருக்குறது ரெண்டு பக்கமும் தப்பு, ஆதார் இணைச்சதால எப்பவும் மாட்டும். முதல்ல அம்மா கார்டுல இருந்து உங்க பேர நீக்குங்க. கம்பத்துல உங்க வீட்டுக்காரர் பேர்ல வீடு இருந்தா அது அம்மா மனுவுக்குள்ள இழுபடக் கூடாது. அதே மாதிரி அம்மாவுக்கோ பாட்டிக்கோ தமிழ்நாட்டுப் பக்கம் பூர்வீக நிலத்துல பங்கு இருந்தா மறைக்காதீங்க. பின்னாடி தெரிஞ்சா லிஸ்ட்ல இருந்து எடுத்துருவாங்க.

சொந்த நிலம் இருக்கறவங்களுக்கு வீடு கட்ட 4 லட்சம். நிலமும் வீடும் இல்லாதவங்க தனி லிஸ்ட், அதை இங்க பூரஹித பவனரஹிதர்ங்கிறாங்க. லயத்து ஆளுங்க பெரும்பாலும் அதுலதான் வருவோம். அந்த லிஸ்ட் மெதுவாத்தான் நகரும். வார்டு மெம்பரைப் பாருங்க, கிராம சபைக்கு அம்மாவை கண்டிப்பா போகச் சொல்லுங்க. லிஸ்ட் வாசிக்கிறது அங்கதான். பேர் விட்டுப்போயிருந்தா அங்கயே எழுந்து கேக்கலாம். எங்க பேர் முதல் லிஸ்ட்ல இல்ல. எங்க வீட்டம்மா கிராம சபையில கேட்டு, ஆட்சேபம் எழுதிக் குடுத்துத்தான் சேத்தாங்க.

பிளாட் கிடைச்சா அதுலயும் வேலை இருக்கு, அதை யாரும் முன்கூட்டிச் சொல்றதில்ல. லயத்துல குழாய் உடைஞ்சா எஸ்டேட் ஃபிட்டர் வருவான். இங்க மோட்டார் எரிஞ்சா நாம எல்லாரும் காசு போட்டாத்தான் தண்ணி. ஆரம்பத்துல எங்க பிளாக்ல பாதிப் பேரு மாசக் காசு குடுக்கல, 11 நாள் கீழ இருந்து குடத்துல தூக்கினோம், மூணு மாடி. அப்புறம் மாடிக்கு ஒரு பொம்பள ஆளைப் போட்டு, நோட்டுல எழுதி வசூல் பண்றோம், நோட்டு படிக்கட்டுல எல்லாரும் பாக்குற மாதிரி தொங்குது. இப்ப தடை இல்ல. உள்வாடகைக்கு விடாதீங்க, அது தெரிஞ்சா ஒதுக்கீடே போயிரும். வயசான பாட்டி இருந்தா தரைத்தளம் வேணும்னு மனுவிலேயே எழுதிருங்க, சாவி குடுக்குற அன்னைக்குக் கேட்டா மாத்த முடியாது.


மூணாறு அக்கா பதில்:

சாவி விஷயம். என்னைக்கு ஆனாலும், தம்பிக்கு வீடு கிடைக்கலைன்னா, ஒரு நாள் ஒப்படைக்கத்தான் வேணும். அப்ப வெறும் கையால குடுக்காத. கூடலூர்த் தம்பிக்கு நடந்தது அதுதான். ஒரு தாள்ல எழுது: இன்ன தேதி, இன்ன லைன், இன்ன நம்பர் வீடு, கதவு ரெண்டு, ஜன்னல் ரெண்டு, கரண்ட் மீட்டர்ல இவ்வளவு ரீடிங், பாக்கி இல்ல, சாவி ரெண்டு ஒப்படைக்கப்பட்டது. சுவத்து வெடிப்பும் தகர ஓட்டையும் முன்னாடியே இருந்தது, இன்ன தேதி மனுவுல சொன்னதுன்னும் எழுது. இல்லைன்னா அதுக்கும் உங்கம்மா கணக்குல பிடிப்பாங்க. காலியான முறிய நாலு மூலையும் போட்டோ எடு. ஃபீல்டு ஆபீசர் ஒப்பு வாங்கு. அப்புறம் சாவி.


கம்பத்து மருமக எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நீங்க எழுதினதை எல்லாம் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு ஞாயித்துக்கிழமை மேல போயிட்டு வந்தேன்.

வெடிப்பு நுனியில பென்சில் கோடு போட்டாச்சு. பாட்டி கட்டிலை முன்முறிக்கு மாத்திட்டோம். அம்மாவோட தகரப்பொட்டில டெம்பரரியா இருந்த காலத்துச் சம்பளச் சீட்டு 22 கிடைச்சுச்சு, எல்லாம் ஒரே காலத்துது இல்ல, அங்கங்க விட்டு விட்டு இருக்கு. ஆறு வருஷத்துல நாலு வருஷத்துக்குத்தான் இருக்கு. பிஎஃப்ல அம்மா பேர்ல ஒரு எழுத்து தப்பு, நீங்க சொன்ன மாதிரியே. அக்ஷயாவுல அந்தப் பொண்ணு ஆபீஸ் ஒப்புதல் வேணும்னுச்சு, அம்மா திங்கக்கிழமை ஆபீஸ்ல குடுத்துட்டாங்க.

மூணு மனு எழுதிக் கொண்டு போனோம். காசுக்கு ஒண்ணு, தம்பிக்கும் தவணைக்கும் ஒண்ணு, ரிப்பேருக்கு ஒண்ணு. கிளார்க்கு ரிப்பேர் மனுவுக்கு மட்டும் சீல் போட்டுக் குடுத்தாரு. மத்த ரெண்டையும் "மேனேஜர் வந்து பாக்கட்டும்"னு எடுத்து வச்சுக்கிட்டாரு, ஒப்புப் போடலை. அம்மா பேசாம நின்னாங்க. நான் பேச வாயெடுத்தப்ப என் கையப் புடிச்சுக்கிட்டாங்க.

விட்டுப்போன ரெண்டு வருஷத்துக்கு என்ன காட்டுறது? அந்த ரெண்டு மனுவையும் என்ன செய்ய?


மூணாறு அக்கா பதில்:

அம்மா கையப் புடிச்சது நல்லதுக்குத்தான். அங்க குரல் உசத்தினா, பேச்சு அப்புறம் அதைப் பத்தி மட்டுந்தான் இருக்கும்.

அந்த ரெண்டு மனுவையும் திருப்பிக் கேக்க வேண்டாம். அதே மாதிரி இன்னொரு தடவை எழுதி, "இன்ன தேதி நேர்ல குடுத்தோம், ஒப்பு தரலை, அதனால தபால்ல அனுப்புறோம்"னு மேல ஒரு வரி சேத்து, நாளைக்கே வண்டிப்பெரியாறு போஸ்ட் ஆபீஸ்ல ரிஜிஸ்தர் பண்ணு. காப்பி ஒண்ணு பிளான்டேஷன் இன்ஸ்பெக்டருக்கும்.

விட்டுப்போன ரெண்டு வருஷத்துக்கு, அம்மாகூட அப்ப ஒரே காட்டுல கொழுந்து எடுத்தவங்க ரெண்டு பேரையாவது கண்டுபுடி. அவங்க சீட்டுல அம்மா பேர் இருக்காதுதான், ஆனா அவங்க சொல்லி எழுதி ஒப்புப் போட்டா அதையும் லேபர் ஆபீஸ்ல குடுக்கலாம். செக்ரோல் எஸ்டேட் ஆபீஸ்லதான் இருக்கும், அதைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி அதிகாரிதான் உத்தரவு போடணும், அதையும் மனுவுல கேளு. உங்க லைன்லயே கிழவிங்க இருப்பாங்க. பாட்டிகிட்ட கேளு, யார் யார் அப்ப ஒண்ணா மலைக்குப் போனாங்கன்னு பேரோட சொல்லும்.

தபால் ரசீதுல தேதி முத்திரை தெளிவா விழுந்திருக்கான்னு அங்கயே நின்னு பாத்துட்டு வா.